இருளாயியின் இரண்டு ஆறு மணி

புக்கிட் செராய் தோட்டம்,
பீடோர்.
8 பிப்ரவரி 1926

நல்லம்மாள் அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. மார்கழியில் உங்களை லோரியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் நான் இந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தேன். பெயர் அம்பிகை. ஈப்போவில் ரயில்வேக் கிளார்க்காக இருக்கும் பூபாலசிங்கத்தின் மகள். உங்கள் மகள் இருளாயி என்னிடம் படிக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள், பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா தன் பிள்ளைகளோடு சேர்த்து அவளுக்கும் சோறு போட்டு, தலை சீவி அனுப்புகிறார்.

முன்பின் தெரியாதவர்களுக்கு நான் எழுதியதில்லை. கடையில் சாமான் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். பிஸ்கட் டின் மூடியில் எண்களை எழுதி, அட்டையில் முள் வெட்டிப் பொருத்தினேன். முள் எங்கே நின்றால் என்ன மணி என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். அது காலை மணியா, மத்தியான மணியா, சாயங்கால மணியா என்பதில்தான் தடுக்கியது. பதினொரு மணி எப்போது வரும் என்று கேட்டேன். "காலையில" என்றான் சன்னாசி. சரி, ஒரு மணி? "அதுவும் காலைதான் வாத்தியாரம்மா. எங்கம்மா இன்னும் கித்தாப் பால தராசுல நிறுத்துட்டு வரலையே." வகுப்பு முழுவதும் அவன் பக்கம். அம்மா ரப்பர்க் காட்டுக்குப் போனால் காலை, திரும்பி வந்தால் சாயங்காலம். மத்தியானம் என்ற ஒன்று அவர்களிடம் இல்லவே இல்லை.

அதனால் சின்ன முள் ஒரு நாளில் இரண்டு தரம் சுற்றுகிறது என்று காட்டினேன். நடுச்சாமத்திலிருந்து மத்தியானம் வரை ஒரு சுற்று. மத்தியானத்திலிருந்து நடுச்சாமம் வரை மறு சுற்று. ஆகவே ஒவ்வொரு மணியும் இரண்டு தடவை வரும் என்றேன். "முள்ளுக்குக் கால் வலிக்காதா?" என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இருளாயி மட்டும் எழுந்து நின்றாள்.

"ஆறும் ரெண்டா வாத்தியாரம்மா?"

"ஓம், இரண்டுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று."

நான் "ஓம்" என்றாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. அன்று அவள் சிரிக்கவில்லை. "நெசமாவா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். நல்ல கேள்வி என்று நான் பாராட்டினேன்.

மறுநாள் விடியும் முன்பு ஜன்னலைத் திறந்தால், தோட்டத்து வாசல் கம்பத்தடியில் அவள் நிற்கிறாள். பிரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பனியில் அவள் சட்டை நனைந்திருந்தது. செல்லாயி அக்காவைக் கேட்டேன். லோரியில் ஏறும்போது நீங்கள் "ஆறு மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்று சொன்னீர்களாம். அன்று முதல் சாயங்காலம் ஆபீஸில் ஆறு அடித்ததும் அவள் வாசலுக்குப் போய் நின்று, இருட்டிய பிறகு திரும்புவாளாம். என் பாடத்துக்குப் பிறகு காலையிலும் நிற்கிறாள். ஒரு தடவை ஏமாந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது இரண்டு தடவை ஏமாறுகிறாள்.

எப்போது வருவீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தால், யாரையாவது கொண்டு எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவளிடம் ஒரு நாளைச் சொன்னால் மற்ற நாட்களில் நிற்க மாட்டாள். உடம்பு முடியாத நேரத்தில் தொந்தரவு கொடுக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

அம்பிகை


ஈப்போ ஆஸ்பத்திரி
17 பிப்ரவரி 1926

புக்கிட் செராய் வாத்தியாரம்மாவுக்கு, பெண்கள் நெஞ்சுநோய் வார்டில் ஆயா வேலை பார்க்கும் நவமணி எழுதுவது. நல்லம்மாளுக்கு எழுத்து தெரியாது. தான் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும் என்கிறாள். நான் மிஷன் பள்ளியில் படித்தவள், இப்படி எழுதிப் பழக்கமில்லை. இனி வருவது அவள் பேச்சு.

வாத்தியாரம்மா, ஒங்க கடுதாசிய ஆயா ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டுச்சு. மொத வாட்டி சந்தோசமா இருந்துச்சு. எம்மவ எந்திரிச்சு நின்னு கேள்வி கேட்டாளேன்னு. ரெண்டாவது வாட்டிதான் வயிறு எரிஞ்சுச்சு. ரெண்டு ஆறு இருக்குன்னு ஒங்கள யாரு சொல்லச் சொன்னது? கித்தாக் காட்டுப் பிள்ளைக்கு அது எதுக்கு? பிரட்டுக்குக் கூப்பிட்டா எந்திரிக்கணும், பால் நிறுத்தா வீட்டுக்கு வரணும். நாங்க எல்லாம் அப்படித்தான் வளந்தோம். ஒரு ஆறோட கெடந்த பிள்ளைய இப்படிப் பனியில நிக்க வச்சுட்டீங்க.

காலையில நிக்கப்படாதுன்னு சொல்லுங்க. அதுக்கும் இருமல் வந்துச்சுன்னா என்ன பண்றது?

சாயந்தரம் நிக்கட்டும். அது ஒண்ணும் குத்தமில்ல. சாயந்தரமானா இங்க எல்லாக் கட்டிலுக்கும் யாராச்சும் வாராங்க. பக்கத்துக் கட்டில் சீனத்திக்கு அவ மவன் மீன் கஞ்சி கொண்டாரான். எனக்கு யாரு வாரா? எம் புருசன் ஆயர் தாவார் பக்கம் வேலை பாக்கப் போனவன், போனவந்தான். (அடுத்து அவனைப் பற்றிச் சொன்னதை நான் எழுதவில்லை. நவமணி.) அந்த நேரத்துக்கு எம்மவ எனக்காக வாசல்ல நிக்கிறான்னு ஒங்க கடுதாசியிலதான் தெரிஞ்சுச்சு. இப்ப, பாக்க வாரவங்களுக்கு மணியடிச்சா எம்மவள நெனச்சுக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். எனக்கும் ஆள் இருக்கு.

அம்மா வரும்னு சொல்லுங்க. நாள் மட்டும் கேக்காதீங்க.


புக்கிட் செராய் தோட்டம்
27 பிப்ரவரி 1926

நல்லம்மாள் அக்காவுக்கு,

நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். நீங்கள் சொன்னபடியே காலையில் நிற்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்றாள். காலையில் ஆஸ்பத்திரி லோரி வராது, சாயங்காலம்தான் வரும் என்று சொல்லிவைத்தேன்.

"அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போன லோரி காலையிலதானே வந்துச்சு?"

அதோடு விடவில்லை. "நீங்கதானே ரெண்டுன்னு சொன்னீங்க" என்றாள். அதட்டியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள். எனக்கு அதட்ட வராது. அதனால் இப்போது நானும் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு போய் அவளோடு நிற்கிறேன். இருமல் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாள் ஐயாவு கங்காணி எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரம்மா, பேர் குடுக்க வந்தீங்களா, இல்ல மாப்பிள்ளை வாராரா?" என்று கேட்டார். பின்னால் வந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இருளாயிதான் பதில் சொன்னாள். "இவங்களுக்கு யாரும் வரலை. எனக்குத் துணை."

ஆட்கள் போன பிறகு வாசல் வெறிச்சென்று ஆகிவிடும். மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வரும்வரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். நேற்று, "ஆஸ்பத்திரியிலயும் இதே ஆறுதானா?" என்றாள். அதேதான் என்றேன். "அங்க முள்ளு மெதுவா சுத்துமோ?" என்றாள்.

அந்த நேரத்துக்கு உங்களுக்கும் ஆள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து ஒன்று என்னை உறுத்துகிறது. எங்கள் குடும்பத்தில் சீனியர் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகவா இவ்வளவு படித்தாய் என்று என் தகப்பனார் கேட்டார். போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. இங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஐயா வீட்டு அம்மா எங்கள் ஊர்க்காரர்தான். ஒரு தடவை கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்து, சம்பந்தம் பேசியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குப் பேச வேறு ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நான் யாரோடும் பேசுவதில்லை. இப்போது காலையில் எனக்கும் ஒரு ஆள் இருக்கிறாள். அவளைத் தடுக்க முடியாமல்தான் விட்டிருக்கிறேனா, தடுக்க மனமில்லாமலா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன். டாக்டர் என்ன சொன்னார்?

அம்பிகை


ஈப்போ ஆஸ்பத்திரி
9 மார்ச் 1926

நல்லம்மாள் சொல்ல, நவமணி எழுதுவது.

டாக்டரு இங்கிலீசுல சொன்னாரு. மருந்து கட்டுற டிரெசரு அதத் தமிழ்ல சொன்னாரு. ரெண்டு பேரும் எம் மொகத்தப் பாக்கல. நெஞ்சு ரெண்டு பக்கமும் போயிருச்சாம். இனிமே வெளிய போய்ப் பொழைக்கிற ஒடம்பு இல்லையாம். இருக்கிற வரைக்கும் இங்கயே இருக்கணுமாம்.

கேட்டீங்க, சொல்லிட்டேன். இது ஒங்களோட இருக்கட்டும். எம்மவ காதுக்குப் போகப்படாது. அவ நிக்கிற வரைக்கும் நான் வர வேண்டியவ. அவ நிக்கிறத விட்டுட்டா அன்னைக்கே நான் செத்தவதான்.

ஒங்களுக்குப் பிள்ளை இல்ல. இருந்திருந்தா இப்படித் தோண்டித் தோண்டிக் கேட்டிருக்க மாட்டீங்க.

(இந்தக் கடைசி வரி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எழுது என்றாள். நவமணி.)


புக்கிட் செராய் தோட்டம்
22 மார்ச் 1926

நல்லம்மாள் அக்காவுக்கு,

இருளாயி இப்போது செல்லாயி அக்கா வீட்டில் தூங்குகிறாள். அடி ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு மற்றதைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை மழை. மழையில் அவள் வர மாட்டாள் என்று நினைத்து நான் எழுந்திருக்கவில்லை. அவள் வந்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து, சரியாக அந்த நேரத்துக்கு ஒரு லோரி வந்திருக்கிறது. பீடோர் ஸ்டேஷனுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போகிற லோரி. வழக்கமாக அது மத்தியானம்தான் வரும். மழைக்குப் பயந்து முன்னதாக அனுப்பியிருக்கிறார்கள். லோரி வந்துவிட்டது, அம்மா அதில் இல்லை. அப்படியானால் அம்மாதான் தன்னைக் கூட்டிவர அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் ஏறிப் படுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் தொடங்கி அவள் வராததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஓடை வரைக்கும் தேடினோம். செல்லாயி அக்கா பால்வெட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அவ ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டே போனார். அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடக்கூட முடியாமல் நான் அவர் பின்னால் நடந்தேன்.

பீடோர் ஸ்டேஷனில் அவள் டிக்கெட் ஜன்னலுக்குப் போயிருக்கிறாள். ஆறு மணிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "காலை ஆறா, சாயந்தரம் ஆறா?" என்று அங்கிருந்தவர் கேலியாகக் கேட்டாராம். "ரெண்டுல எதுன்னாலும் சரி" என்றாளாம். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில், வந்து நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அது ஈப்போவுக்குப் போகிற ரயில் அல்ல. கோலாலம்பூர் பக்கம் போகிறது. உடம்பெல்லாம் ரப்பர் ஷீட்டின் புகைவீட்டு வாசனையோடு தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி ரயில் கிளம்பும் முன்பே கேள்வி கேட்டு இறக்கி, நம் தோட்டத்து லோரிக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறாள். அவர்தான் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மா கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. உண்மைதான். அவள் திரும்பி வரும்வரை அன்றைக்கு ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை என்பதும் உண்மை.

இனி என்னால் அவளிடம் "அம்மா வரும்" என்று சொல்ல முடியாது. வர மாட்டீர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தில்தான் அவள் நிற்கிறாள். உங்கள் வாயால் சொன்னால்தான் நகர்வாள். நான் வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஈப்போவுக்குக் கூட்டி வருகிறேன். அது முடியாதென்றால் ஆயா கையால் எழுதி அனுப்புங்கள். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வாசிக்கிறேன்.

இந்த முறை மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அம்பிகை


ஈப்போ ஆஸ்பத்திரி
4 ஏப்ரல் 1926

நல்லம்மாள் சொல்ல, நவமணி எழுதுவது.

வாத்தியாரம்மா, கூட்டியார வேணாம். இந்த வார்டுக்குள்ள பிள்ளைகள விட மாட்டாங்க. வெளிக் கம்பிக்கிட்ட நிறுத்தித் தூரக்க காட்டுவாங்க. அதவிட அது ஒங்க பள்ளிக்கூடத்துல ஒக்காந்து இருக்கட்டும்.

ஒங்க மேல கோவம் இருந்துச்சு. எம்மவ ரயில்ல ஏறுனாள்னு ஆயா படிச்சப்ப அந்தக் கோவம் எங்க போச்சுன்னு தெரியல. அதுக்கப்புறம் சாயந்தரம் மணியடிச்சா எனக்கு நல்லா இல்ல. பிள்ளைய அங்க நிக்க வச்சுட்டு நான் இங்க சொகமா கெடக்குறனோன்னு இருக்கு.

கீழ உள்ளத எம்மவகிட்ட படிச்சுக் காட்டுங்க.

இருளாயி, அம்மா பேசுறேன். அன்னைக்கு லோரியில ஏறயில எஞ் சீலையப் புடிச்சுக்கிட்டே நின்ன. நீ விட்டாத்தான் வண்டி கெளம்பும். விட வைக்கணும்னு ஆறு மணிக்கு வாரேன்னு சொன்னேன். வாயில வந்த மணியச் சொன்னேன். எனக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல. காலை ஆறும் இல்ல, சாயந்தர ஆறும் இல்ல. அம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. இங்கேருந்து வர மாட்டேன். ஒம்மேல கோவிச்சுக்கிட்டு வராம இல்ல. வர முடியல. வாசல்ல நிக்காத. செல்லாயி பெரியம்மா வீடுதான் ஒன் வீடு, அது சொன்னபடி கேளு. வண்டி எது வந்தாலும் ஏறாத. படி.

அவ்வளவுதான் வாத்தியாரம்மா. அழுதுச்சுன்னா அழட்டும், வாயப் பொத்தாதீங்க.

இன்னொண்ணு ஒங்களைக் கேக்கணும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிறீங்கள்ல, எனக்கும் சொல்லுங்க. இப்பல்லாம் காய்ச்சல்ல எந்நேரமும் தூங்குறேன். முழிச்சுப் பாத்தா சன்னல்ல பழுப்பா ஒரு வெளிச்சம். விடியுதா, பொழுது சாயுதான்னு புரியல. காட்டுல இருக்கயில இந்தச் சூசா, இந்தத் தொல்லை இல்ல. கையில கத்தி இருந்தா காலை, வாளி கனத்தா மத்தியானம். இங்க கையில ஒண்ணும் இல்ல. ஆயாவக் கேட்டா சிரிக்குது. (நான் சிரித்தது ஒரே ஒரு தடவை. நவமணி.) எப்படித் தெரிஞ்சுக்கிறது?


புக்கிட் செராய் தோட்டம்
15 ஏப்ரல் 1926

நல்லம்மாள் அக்காவுக்கு,

வாசித்துவிட்டேன்.

பிள்ளைகள் போன பிறகு அவளை மட்டும் இருக்கச் சொல்லி, கீழே பாயில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். உங்கள் பேச்சு என் வாயில் நன்றாக வரவில்லை. பாதியில் நிறுத்தி, "அம்மா இப்படி இழுத்துப் பேசாது" என்றாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். முடித்ததும் கடிதத்தை வாங்கித் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். காட்டினேன்.

"காலையிலயும் வராதா?"

"வர மாட்டார்."

"சாயந்தரமும்?"

"வர மாட்டார்."

சிலேட்டைப் பையில் வைத்தாள். பையின் கயிற்றை முடிந்தாள். முடிந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். அப்புறம்தான் அழுதாள். நீங்கள் சொன்னபடியே நான் வாயைப் பொத்தவில்லை. செல்லாயி அக்கா வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நான் லயத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். செல்லாயி அக்காவோடு படியில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆபீஸில் ஆறு அடித்தது. கை நின்றது. செல்லாயி அக்கா இன்னும் ஒரு பிடி கருவாட்டை அள்ளி அவள் மடியில் போட்டார். "இவ்வளவு இருக்கா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கிள்ளத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் வாசலில் யாரும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஆட்கள் போய் முடியும்வரை நான் ஜன்னலில் இருந்தேன். அன்றைக்குத்தான் என் தகப்பனாருக்கு நானாகவே ஒரு கடிதம் எழுதினேன். பதில் வருமோ தெரியாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாத்தியார் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஆயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் என்றால் காலை வெயில் நேரே உள்ளே வரும். எந்தப் பக்கமானாலும் காலையில் வெளிச்சம் வரவரக் கூடும். சாயங்காலம் குறைந்துகொண்டே போகும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும்.

இதை எழுதும்போது இருளாயி பக்கத்தில் இருந்தாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். அம்மாவுக்குக் காலையும் மாலையும் குழம்புகிறது, அதற்குப் பதில் என்று வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அவ்வளவு நேரம் அம்மா முழிச்சிருக்குமா? அதுக்குள்ள தூங்கிருமே."

அப்படியானால் நீயே சொல்லு, எழுதுகிறேன் என்றேன். பேனாவை மையில் தொட்டுக்கொண்டேன். அவள் சொன்னதை ஆயா எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன்.

"தெரியலைன்னா காலைன்னு வச்சுக்கச் சொல்லுங்க. சாயந்தரம்னா வெளக்க அமத்திப் படுன்னு சொல்லிருவாங்க. காலைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அம்பிகை